சொருகாமல் விட்ட வயர்

நைனா,

நீ கேட்டது சின்ன வேலைதான். “அந்தப் பட்டன் டப்பாவ எப்பிடி செஞ்சேன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. நம்ம மாதிரி ஊட்டுல கீற மத்த அம்மாங்களுக்கு உதவும், நெட்ல போடறேன்” என்றாய். வியாழக்கிழமை நீ பெங்களூருக்குக் கிளம்புகிறாய். அதற்குள் முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா வேலை முடிந்ததும் உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி ‘தேவையான பொருட்கள்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்தேன். பெரிய சிவப்புப் பட்டன் நான்கு, பழைய வீடியோ கேம் ரிமோட் ஒன்று என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. அந்த ரிமோட் அதுவரை நம் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. பதினான்கு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. அதனால் இது நீ கேட்ட செய்முறை இல்லை. செய்முறையும் நடுவில் எங்கேயாவது வரும். நெட்டில் போடுவதா வேண்டாமா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்.

உனக்குத் தெரிந்த கதையை மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தவுடன் அழவில்லை. மூச்சு வரக் கொஞ்சம் தாமதமானது, அந்தக் கொஞ்ச நேரம் உன் கைகாலில் விறைப்பாகத் தங்கிவிட்டது. விரல்கள் தனித்தனியாகப் பிரியாது. இடது கை சொன்ன பேச்சை முக்கால்வாசி கேட்கும், வலது கை தன் இஷ்டத்துக்கு நடக்கும். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வருகிற பேச்சில் வம்புக்குக் குறைச்சல் இருக்காது. உன்னால் எது எது முடியாது என்று பார்த்த டாக்டர்கள் எல்லாரும் வரிசையாகச் சொன்னார்கள். எது முடியும் என்று கேட்டால் போகப் போகப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கோ எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. திருவாலங்காட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து ஐடிஐக்குப் போய் வயர்மேன் படித்தவள், அந்த வகுப்பில் இருந்த இரண்டே பெண்களில் ஒருத்தி. இருபது வருஷமாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பேனல் போர்டுக்கு வயரிங் செய்கிறேன். மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பட்டன் வைத்த இரும்புப் பெட்டிகள். வயரிங் முடிந்த பெட்டியை நாங்கள் அப்படியே அனுப்புவதில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்ப்போம். இணைப்பு இருந்தால் மீட்டர் ‘கீ’ என்று கத்தும். கத்தாத பட்டன் வெளியே போகக் கூடாது. என் கையிலிருந்து கம்பெனியில் அப்படி ஒன்றுகூடப் போனதில்லை. வீட்டில்தான் ஒன்று போயிற்று.

உனக்கு ஒன்பது வயது. அப்பா ஷிப்ட் பஸ் ஓட்டுகிற கம்பெனியில் தீபாவளிக்குக் குலுக்கல் வைத்தார்கள், அதில் டிவியில் மாட்டுகிற வீடியோ கேம் ஒன்று விழுந்தது. பெட்டி ஒன்று, ரிமோட் இரண்டு, நீளமான வயர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் அக்கா அதில் பைக் ரேஸ் ஓட்ட ஆரம்பித்துவிடுவாள். நீ உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாய். இரண்டாவது ரிமோட்டை உன் மடியில் வைத்தோம், வழுக்கி விழுந்தது. கையில் திணித்தோம், உன் கை மூடிக்கொண்டதும் எல்லாப் பட்டனும் ஒரே நேரத்தில் அமுங்கி, பைக் நின்ற இடத்திலேயே துள்ளியது. நீ அடம்பிடித்திருந்தால் இரண்டு அதட்டு அதட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன். நீ அடம்பிடிக்கவில்லை. டிவியையும் உன் கையையும் மாறி மாறிப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, நைனா. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மறுநாள் ரிமோட்டை ஒரு சின்ன மரப்பலகையில் வைத்துக் கட்டி உன் நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பொருத்தினேன். வயரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொருகாமல் விட்டேன். உன் அக்காவை உனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார வைத்து, இன்னொரு ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். “தம்பி கை போற பக்கமா பாத்து ஓட்டு” என்று காதில் சொன்னேன். நீ முஷ்டியால் பலகையைத் தட்டினாய். பைக் கிளம்பியது. வளைவில் நீ இடது பக்கம் சாய்ந்தாய், பைக்கும் சாய்ந்தது. முதல் இடத்தில் வந்து கொடி ஆடியதும் நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். சாயங்காலம் அப்பா வந்தார், பார்த்தார், சமையல்கட்டுக்கு வந்து, “இன்னா இது வேலை, வயரே சொருவல?” என்றார். “சும்மா இரு, கொயந்த எவ்ளோ சந்தோசமா கீது பாரு” என்று வாயை அடைத்தேன். உன் அக்கா மட்டும் விடவில்லை. “பொய்யா ஆடறோமேம்மா, தெரிஞ்சா அழுவான்” என்றாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் அப்படியே ஓட்டினோம். நான்கு வருஷமும் நீ ஒரு ரேஸில்கூடத் தோற்கவில்லை. அதை நீ யோசித்திருப்பாயா என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு நடந்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. உன் அக்காவுக்குப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் வந்து, டியூஷன் என்று அவள் வீட்டிலேயே இல்லாமல் போனாள். நீ என்னைக் கூப்பிடுவாய், எனக்கோ அந்த பைக்கை நேராக ஓட்டவே தெரியாது. ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு, நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் ரிமோட்டை நாலு ஸ்க்ரூ கழற்றிப் பிரித்தேன். உள்ளே பெரிய வித்தை இருக்கும் என்று பயந்துகொண்டேதான் பிரித்தேன். ரப்பர் பொத்தானுக்கு அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. அது கீழே இருக்கிற இரண்டு கோடுகளைத் தொட்டால் பட்டன் அமுங்கியதாகக் கணக்கு. அவ்வளவுதான். நான் தினமும் கம்பெனியில் செய்கிற அதே வேலை, அளவில் எறும்பு மாதிரி இருந்தது. இரண்டு முனை சேர்ந்தால் போதும் என்றால், எதால் சேர்த்தால் என்ன? விரல்தான் வேண்டும் என்று அந்த ரிமோட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விரல் இருக்கிறவர்கள் செய்தார்கள், அதனால் விரலுக்கு ஏற்ற மாதிரி செய்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தில் பாதி கோபம். இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. பொய் சொன்னால் வேலை நடந்துவிடுகிறது என்பதால் நான் யோசிப்பதையே நிறுத்தியிருக்கிறேன்.

செய்முறை கேட்பவர்களுக்கு இதோ. கம்பெனியில் நசுங்கியதும் கீறியதுமாக ஒதுக்கிய பட்டன்கள் ஒரு டிரம்மில் கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ரிஜெக்ட் ஆனதுதானே, எட்த்துக்கம்மா. கேட்ல பைய செக் பண்ணுவாங்க, பாஸ் எழுதிக்கினு போ” என்றார். ‘சிவப்புப் பட்டன் 4, பழுது’ என்று அவர் எழுதிய கேட் பாஸ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தலை காளான் மாதிரி அகலமாக, முஷ்டியால் குத்தினாலும் தாங்குகிற பட்டன்கள். வீட்டுக்கு வயரிங் செய்கிறபோது சுவரில் பதிக்கிற பிளாஸ்டிக் பெட்டியில் நான்கையும் பொருத்தினேன். ரிமோட்டின் கோடுகள் மேல் இருந்த பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, மெல்லிய வயர்களைப் பற்றவைத்தேன். முதல் முயற்சியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நான் எடுத்து வந்தது எமர்ஜென்சி பட்டன். ஒருமுறை அமுக்கினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், திருகினால்தான் விடும். சோதனைக்கு அமுக்கியதும் பைக் கிளம்பிப் போய்ச் சுவரில் மோதி, மறுபடி கிளம்பி மறுபடி மோதிக்கொண்டே இருந்தது. நான் ஒற்றை ஆளாகத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மறுநாள் இன்னொரு பாஸ் எழுதிப்போய், கையை எடுத்ததும் தானே விட்டுவிடுகிற ஸ்பிரிங் வைத்த சிவப்புப் பட்டன்களாக மாற்றிக்கொண்டு வந்தேன். எல்லாம் முடித்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். நான்கும் கத்தின. பிறகு அந்த வயரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கொண்டுபோய் முதல்முறையாகச் சொருகினேன்.

அன்றைக்கு நீ தோற்றாய். முதல் வளைவிலேயே விழுந்தாய், எழுந்தாய், மறுபடி விழுந்தாய். கடைசியாக வந்தாய். நான் பக்கத்தில் நின்று, நீ நிஜமாக ஆடுகிறாய் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். நீயோ முகம் சுருங்கிப்போய், “இன்னாமா இது, இன்னிக்கி மட்டும் தோத்துக்கினே கீறேன்?” என்றாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. “புது ரிமோட்டுடா, பயகணும்” என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அந்த டப்பாவை நீ தொடவில்லை. “எனக்குப் பயைய ரிமோட்டே குடு, அதுல நான் நல்லா ஓட்டுவேன்” என்றாய். நான் செய்த பொய் அவ்வளவு அழகாக ஓடியது, அதன் பக்கத்தில் நிஜம் மட்டமாகத் தெரிந்தது. உன் கையால் நீ ஓட்டிய முதல் பைக்கை நீயே வெறுத்தாய்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. எப்படியோ மறுபடி அதைத் தொட ஆரம்பித்தாய். வேறு வழியில்லாமல்தான் என்று அப்போது நினைத்தேன். மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வருகிறேன், வாசலிலேயே உன் சத்தம். “ஃபர்ஸ்ட் வந்துட்டேன்மா! ஃபர்ஸ்ட்டு!” உன் அக்கா உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பையைக்கூட இறக்காமல் அவளைப் பார்த்து நான் கேட்டேன்: “நீயா ஆடினே?” அவள் என்னை முறைத்துவிட்டு, “நான் இங்கதாம்மா கீறேன், அவன்தான்” என்றாள். உன் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எதற்கு அவளைக் கேட்டேன் என்று உனக்குப் புரிந்ததா? புரியாமல் இருக்க நீ அசடு இல்லை. ஆனால் நீ ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பொய்யாக நீ ஜெயித்தபோதெல்லாம் தெருவே கேட்கக் கைதட்டினேன். நிஜமாக ஜெயித்த அன்று சந்தேகப்பட்டேன். என்னை மன்னித்துவிடு என்று இங்கேயே எழுதிவிடலாம், ஆனால் அதைப் பற்றிக் கடைசியில் வேறு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ கம்ப்யூட்டர் படிக்கக் காலேஜுக்குப் போய், கேம் செய்யக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகு எனக்குத்தான் இதில் பைத்தியம் பிடித்தது. தினமும் சாயங்காலம் வந்ததும் உன்னைக் குடைவேன். உன் வகுப்பில் கண் தெரியாத பையன் ஒருவன் சண்டை கேம் ஆடுகிறான் என்றாய். நான் நம்பவில்லை. ஒருநாள் வீட்டுக்கே அழைத்து வந்தாய். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவன் உன்னை அடித்துத் துவைத்தான். எதிராளியின் காலடி எந்தக் காதில் கேட்கிறது என்று வைத்தே தூரத்தைக் கண்டுபிடிக்கிறானாம். “ஆன்ட்டி, இவன் குதிக்கறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்கறான், அதுலயே மாட்டிக்கறான்” என்று சிரித்தான். காது கேட்காதவர்களுக்கு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திரையில் எழுத்தாகக் காட்ட வேண்டும் என்றாய். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக நிறத்தோடு ஒரு வடிவமும் வைக்க வேண்டும் என்றாய். இதைக் கேட்டதும் நான் துள்ளிவிட்டேன், நினைவிருக்கிறதா? எங்கள் பேனல் போர்டில் வயர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் ஓடும். ஆனாலும் ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு நம்பர் வளையம் போட்டாக வேண்டும். வெளிச்சம் குறைவாக இருக்கும், வயரில் எண்ணெய் படியும், பார்க்கிறவன் கண் எப்படியோ. நிறத்தை மட்டும் நம்பாதே என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். “இத்தான்மா, நாங்க இத்தத்தான் சொல்றோம்” என்று நீ கத்தினாய். படித்த பிள்ளைக்கு என் வேலையிலிருந்து ஒன்று போய்ச் சேர்ந்ததில் எனக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அப்புறம் நீயும் அந்தப் பையனும் சேர்ந்து அந்த ஷிப்ட் பஸ் கேமைச் செய்தீர்கள். கவரப்பேட்டையில் ஆரம்பித்து, நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, சைரன் ஊதுவதற்குள் கம்பெனி கேட்டுக்குள் பஸ்ஸைக் கொண்டுபோக வேண்டும். அப்பா அதை ஆடிவிட்டு, “இன்னா நைனா, ரோட்டுல பள்ளமே இல்ல, எந்த ஊரு ரோடு இது?” என்று குறை சொல்லி, பள்ளங்களை வரைந்து கொடுத்தார். எனக்குப் பிடித்தது முதல் திரை. சுலபமா கஷ்டமா என்று அது கேட்காது. ‘உங்களுக்கு எப்படி வேண்டும்?’ என்று கேட்கும். ஒரே பட்டன் போதுமா, எழுத்து பெரிதாக வேண்டுமா, பஸ் மெதுவாகப் போகட்டுமா, வழியைச் சத்தமாகச் சொல்லட்டுமா. எதைத் தேர்ந்தெடுத்தாலும் திரையின் மூலையில் அது எழுதியிருக்கும்: பஸ் மெதுவாக ஓடுகிறது. “எதுக்குடா அத்த எப்பவும் போட்டு வெக்கற, வெக்கமா இருக்காது?” என்று கேட்டேன். “கண்ணாடி போட்டுக்கினா வெக்கமா?” என்று திருப்பிக் கேட்டாய்.

அந்த கேமைப் பார்த்துத்தான் பெங்களூரில் கேம் செய்கிற கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டது. இரண்டு மாதம் முன்பு கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசினாய். நான் உள்ளே முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “நெறைய கேம்ல நாங்க சொல்லாமயே ஹெல்ப் பண்றோம்பா. ஆளு தோத்துக்கிட்டே இருந்தா எதிராளிய மெதுவாக்கிடுவோம். அவங்களுக்குத் தெரியாது, சந்தோஷமா ஆடுவாங்க. தப்பா?” என்றார். நீ வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாய். “ஹெல்ப் பண்ணுங்க சார், வேணான்னு சொல்லல. ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்க. வேணும்னா நான் வாங்கிக்குவேன், வேணாம்னா ஆஃப் பண்ணிக்குவேன். தோத்தா அது என் தோல்வி, எனக்கு அது வேணும் சார். சொல்லாம ஜெயிக்க வெச்சீங்கன்னா அது யார் ஜெயிப்பு?” என் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. நீ யாருக்குப் பதில் சொன்னாய், நைனா? அவருக்கா, எனக்கா? அன்றைக்கே வந்து உன் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு தைரியம் வரவில்லை. முருங்கைக்காயை ஒழுங்காகக்கூட நறுக்காமல் குழம்பில் போட்டுவிட்டேன்.

தைரியம் வந்தது போன மாதம்தான், அதற்குக் காரணம் ஸ்டெல்லா. என் பக்கத்து டேபிளில் வேலை செய்கிறவள், நீயும் பார்த்திருக்கிறாய், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாள். எனக்குக் கொஞ்ச காலமாக வயரின் நம்பர் சரியாகத் தெரியவில்லை. மூன்று எட்டாகத் தெரியும். வெளியே சொன்னால் பேக்கிங் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் என் டேபிளில் தப்பே வரவில்லை. மாதம் முழுக்கத் தப்பில்லாத டேபிளுக்குப் பச்சை அட்டை வைப்பார்கள், இரண்டு மாதம் தொடர்ந்து எனக்குத்தான். உனக்குப் போட்டோகூட அனுப்பினேன், நீ கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய். ஒருநாள் டீ குடித்துவிட்டு சீக்கிரம் திரும்பிவிட்டேன். ஸ்டெல்லா என் பெட்டியைத் திறந்து வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். “கோச்சிக்காதக்கா. ரெண்டு மாசமா நான்தான் சரி பண்ணி வெக்கறேன். உனக்குச் சொன்னா மனசு ஒடஞ்சி பூடுவன்னுதான் சொல்லல” என்றாள். எனக்கு நன்றி வரவில்லை. “அப்ப அந்த அட்ட யாருது? ரெண்டு மாசமா என்ன பொம்மையாட்டம் ஒக்கார வெச்சிக்கினு கீறியா?” என்று எல்லார் எதிரிலும் கத்திவிட்டேன். அவள் அழுதாள். பாவம், அவள் என்மேல் வைத்த அன்பில் ஒரு குறையும் இல்லை. கத்தி முடித்து உட்கார்ந்த பிறகுதான், கட்டிலில் உன் அக்காவை உட்கார வைத்தவள் யார் என்பது எனக்கு உறைத்தது.

பச்சை அட்டையைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பேக்கிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ பேஜாரு? லென்ஸ் வெச்ச விளக்கு ஒண்ணு வருது, டேபிள்ல மாட்டிக்கலாம், எழுதிப் போடறேன்” என்றார். பத்து நாளில் வந்தது. வளையத்தின் நம்பர் இப்போது புளியங்கொட்டை அளவுக்குத் தெரிகிறது. வந்த முதல் வாரமே ஒரு தப்பு செய்து மாட்டினேன். திட்டு வாங்கிக்கொண்டு டேபிளுக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை என்று ஒரு நிம்மதி. முதல் வளைவில் நீ விழுந்தபோது உனக்கு இந்த நிம்மதியைத்தான் கொடுத்திருக்க வேண்டும். கேட்கவே கேட்காமல் ஜெயிப்பைக் கொடுத்தேன். ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “இனிமே என் பெட்டியில தப்பு பாத்தா, என் எதிர்ல சொல்லும்மா” என்றேன். இப்போது சத்தமாகச் சொல்கிறாள், கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்கிறாள். இரண்டு வாரம் முன்பு உன் பஸ் கேமில் பெரிய எழுத்தைப் போட்டுக்கொண்டு ஆடினேன், ஏன் என்று நீ கேட்கவில்லை. ஏன் என்பது இதுதான்.

இதை எழுதப்போகிறேன் என்று செவ்வாப்பேட்டையில் இருக்கிற உன் அக்காவுக்குப் போன் செய்தேன். “நீயே சொல்லு தாயே, என்ன இதுல மாட்டி வுடாத” என்றாள். கொஞ்சம் கழித்து அவளே கூப்பிட்டு, “நான்தான் மொதல்ல வேணாம்னு சொன்னேன்னு மறக்காம எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு அருகதை உண்டா என்று தெரியாது, ஆனாலும் அம்மா வாய் சும்மா இருக்காது. அங்கே தங்குகிற இடத்தில் லிப்ட் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, கரண்ட் போனால் அது ஓடுமா என்றும் கேள். உன் பேச்சைப் பாதியில் பிடுங்கி யாராவது முடித்து வைத்தால், அவர் நல்லெண்ணத்தில் செய்தாலும், நிறுத்தி முதலிலிருந்து சொல். வந்த புதிதில் உன்னை எல்லாரும் புகழ்வார்கள். உன் வேலையைப் பார்த்துப் புகழ்கிறார்களா, உன் நாற்காலியைப் பார்த்தா என்று கவனி. ஒரு தப்பும் சொல்லாமல் ஆறு மாதம் போனால் சந்தேகப்படு, உன் டேபிளுக்குப் பின்னாலும் யாராவது கட்டிலில் உட்கார்ந்திருக்கலாம். உதவி வேண்டியபோது வாய்விட்டுக் கேள். கேட்டு வாங்குவதில் உனக்கு ஒரு குறையும் வராது, அதை உன் பஸ்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நீ செய்யப்போகிற கேம்களை ஆடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் என்னைப் போல அம்மாக்கள் நிற்பார்கள். அவர்கள் அந்த முகத்தைப் பார்க்கத் தாங்காமல் ஏதாவது திருட்டுத்தனம் செய்யப் பார்ப்பார்கள். அவர்கள் பொய் சொல்லத் தேவையில்லாத மாதிரி உன் முதல் திரையைச் செய்.

சிவப்புப் பட்டன் டப்பாவை உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நேற்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், நான்கும் கத்துகின்றன.

நீ கிளம்புவதற்கு முன் இதை உன் மடியில் வைத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். எதிரில் நிற்கிற தைரியம் இன்னும் முழுசாக வரவில்லை. படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடு, நைனா. பாவம் அம்மா, வயசாகிவிட்டது, எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி “சாப்ட்டியாம்மா” என்று மட்டும் கேட்டுவிடாதே. அது நான் உனக்குச் செய்ததையே நீ எனக்குச் செய்வதாகிவிடும். முன்பே தெரியும் என்றால் எந்த நாளிலிருந்து தெரியும் என்று சொல். கோபம் வந்தால் கத்து, நீ கத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன், நடுவில் முடித்து வைக்க மாட்டேன். மன்னிப்பதாக இருந்தாலும் எனக்குத் தெரியாமல் மன்னித்துவிடாதே, சொல்லிவிட்டு மன்னி.

உன் அம்மா